4.45-க்கு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

யோசனை கேட்டு ஒருவர் எழுதிய கடிதம் நான்கு பக்கம். அதோடு இணைத்திருந்த தினசரி அட்டவணை ஆறு பக்கம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 42. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பொறுப்பான பதவி. 6 பேர் பார்த்த வேலையை இப்போது 4 பேர் பார்க்கிறார்கள். மனைவி செவிலியர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவுப் பணி. 8 வயதில் ஒரு மகன். பார்க்கின்சன் நோய் உள்ள அப்பா, ஒருமுறை கீழே விழுந்த பிறகு, எட்டு மாதமாக இவர்களோடு இருக்கிறார். பகலில் அவரைக் கவனித்துக்கொள்ள ஓர் உதவியாளர் வருகிறார். மாலை 7 மணிக்குக் கிளம்பிவிடுவார். இரவில் அப்பா இரண்டு முறையாவது சிறுநீர் கழிக்க எழுவார். கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது இவர்தான். வேறு ஊரில் இருக்கும் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யோசனை சொல்கிறார்.

“எதையும் முடித்த மாதிரியே இல்லை. கட்டாத பில், பதில் போடாத மெயில், பையன் கையெழுத்துக்கு நீட்டிய நோட்டு, எல்லாம் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன” என்கிறார். இதைச் சரிசெய்ய அதிகாலை 4.45-க்கு எழும் திட்டம் ஒன்று போட்டார். எட்டு மாதத்தில் நான்கு முறை ஆரம்பித்திருக்கிறார். முதல் முறை 9 நாள் ஓடியது. அப்புறம் 6, மறுபடி 6, கடைசியாக 3. திட்டம் உடைந்த ஒவ்வொரு முறையும், இரவு 1.30 வரை போனைத் தள்ளிக்கொண்டு கிடக்கிறார்.

அவர் கேட்பது இதுதான்: 21 நாள் தாக்குப்பிடித்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அதைக்கூட எட்ட முடியாத நான் மன உறுதி இல்லாதவனா? வேலையை விட்டுவிட்டு, இல்லாவிட்டால் ஒரு மாதம் லீவு போட்டு, வாழ்க்கையை ரீசெட் செய்துவிடலாமா? கடைசியில் ஒரு பின்குறிப்பு. மாலை 6.30-க்கு ஆபீசிலிருந்து வந்ததும், வீட்டு வாசலில் காருக்குள்ளேயே 20 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். “இது சோம்பேறித்தனம்தானே? மனைவிக்குத் தெரியாது.”

நண்பரே,

அட்டவணைக்கு வருவதற்கு முன் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்குப் போக வேண்டும். “சில நாள் காலையில் கண்விழிக்காமலே போய்விட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது, அது வேறு விஷயம்” என்று ஒரு வரி எழுதி, அடுத்த வரியிலேயே தியான ஆப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டீர்கள். அது வேறு விஷயம் இல்லை. பாரம் தாங்க முடியாத பலருக்கு இப்படித் தோன்றுவதுண்டு. தோன்றியதாலேயே நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள் என்று நான் முடிவுகட்டவில்லை. ஆனால் இதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். உங்கள் மனைவி செவிலியர்; இந்த மாதிரி வார்த்தைகளைக் கேட்டுப் பதறாமல் இருக்கத் தெரிந்தவராகத்தான் இருப்பார். அந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, எப்படி, எப்போது என்று யோசிக்க ஆரம்பித்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது நீங்கள் இருக்கும் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அட்டவணையெல்லாம் அப்புறம்.

மருத்துவர்கள் முதல் வடிகட்டலாகக் கேட்கும் இரண்டு கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரங்களில், மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருப்பது போன்ற உணர்வு எத்தனை நாள் இருந்தது? வழக்கமாகப் பிடித்த விஷயங்களில் ஆர்வம் இல்லாமல் எத்தனை நாள் போனது? இரண்டில் ஒன்றுக்காவது “பாதி நாளுக்கு மேல்” என்பது பதிலானால், முழுதாகப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நீங்களோ காரில் பாட்டுப் போடுவதைக்கூட நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போகும்போது தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை குறைந்தாலும் உடம்பு இதே மாதிரி சோர்ந்துபோகும். பலமாகக் குறட்டை விடுபவரானால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருந்தால், எத்தனை மணி நேரம் படுத்தாலும் களைப்பு தீராது. உடம்பில் உள்ள கோளாறுக்கு மனசைத் திட்டிக்கொண்டிருப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

69 கட்டங்கள்

சரி, அட்டவணை. 4.45 முதல் இரவு 10 மணி வரை, கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். எண்ணிப் பார்த்தேன், 69 கட்டங்கள். ஒன்றுகூடக் காலியாக இல்லை. நான்கு நிறங்கள் வேறு. பிறகு, ஒரு தொழில்முறை ஆர்வத்தில், அந்தக் கட்டங்களில் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். அப்பா இரண்டு கட்டங்களில் வருகிறார். மகன் ஒன்றில். மனைவி எங்கேயும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் வரும் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை மாத்திரை. குளிக்க, சட்டை மாட்ட ஆள் வேண்டும். இரவில் இரண்டு முறை எழுப்புகிறார். இதையெல்லாம் அரை மணி நேரத்தில் அடைத்துவிட்டு, தியானத்துக்கு 20 நிமிடம், உடற்பயிற்சிக்கு 45, வாசிப்புக்கு 30 என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். தனியாக இருக்கும், யாருக்கும் மாத்திரை கொடுக்க வேண்டியிராத, இரவு முழுக்கத் தூங்கும் யாரோ ஒருவருடைய அட்டவணை அது. அதை உங்களால் கடைப்பிடிக்க முடியவில்லை என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். ஒன்பது நாள் எப்படி ஓட்டினீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் குறைவு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடும்போது, போன முறை எவ்வளவு ஆனது என்பதை மனம் வசதியாக மறந்துவிடும்; எல்லாம் ஒழுங்காக நடந்தால் எப்படியோ அப்படித்தான் கற்பனை செய்யும். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே இதற்கு ‘திட்டமிடல் மாயை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதற்கு மருந்து, திட்டம் போடுவதற்கு முன் பதிவு செய்வது. மூன்று நாள், எதையும் மாற்றாமல், என்ன நடந்தது என்பதை மட்டும் குறியுங்கள். “2.10 அப்பா பாத்ரூம். 2.50 வரை தூக்கம் வரவில்லை.” அவ்வளவுதான். அதில் எத்தனை நிமிடம் மிஞ்சுகிறதோ, அதுதான் உங்களிடம் உள்ள நேரம். ஒன்றுமே மிஞ்சாது என்று பயப்படுகிறீர்கள், தெரிகிறது. மிஞ்சாவிட்டால் அதுவும் ஒரு தகவல். உங்கள் பிரச்சினை ஒழுங்கின்மை இல்லை, ஆள் பற்றாக்குறை என்று அது சொல்லும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அந்த 21 நாள்

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். 1960-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தன் அனுபவத்திலிருந்து எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. மூக்குக்குச் சொன்னது உடற்பயிற்சிக்கும் தியானத்துக்கும் விதியாகிவிட்டது.

பழக்கம் உருவாக எவ்வளவு நாள் ஆகிறது என்பதை முறையாக அளந்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர். 96 பேர், ஆளுக்கு ஒரு சிறு பழக்கம், 12 வாரம். 2010-ல் வெளியான அந்த ஆய்வில் சராசரி 66 நாள். ஆளைப் பொறுத்து, பழக்கத்தைப் பொறுத்து, 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி இழுத்தது. உங்களுக்கு முக்கியமான செய்தி வேறொன்று. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்கு அதனால் பெரிய பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை. நீங்களோ ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தவறியதும் “போச்சு, மறுபடி முதல் நாள்” என்று கணக்கை அழித்திருக்கிறீர்கள். நான்கு முறையும் திட்டம் தவறிய நாளில் உடைந்ததாக எனக்குத் தெரியவில்லை. மறுநாள், அதை நீங்கள் பார்த்த விதத்தில்தான் உடைந்தது.

மன உறுதி பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தக் காலியாகும் என்று நெடுநாள் நம்பினோம்; நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். 2016-ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதைச் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய காணாமல் போனது. ஆகவே உங்கள் தொட்டி சிறியது என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். திட்டிக்கொள்வதும் உதவாது. பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களைக் கனடாவில் கவனித்தார்கள் (2010). முதல் பரீட்சைக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத்தான் தள்ளிப்போட்டார்கள்.

ஒரே ஒரு ஆணி

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒன்றை மட்டும் பிடிக்க வேண்டுமானால், எழும் நேரத்தைப் பிடியுங்கள். தூங்கும் நேரத்தை யாராலும் கட்டளையிட முடியாது. படுத்தால் தூக்கம் வந்தாக வேண்டுமே. எழுவது ஓரளவாவது நம் கையில் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு உடம்பின் கடிகாரமாக வேலை செய்கிறது. அது 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமாக ஓடும். தினமும் காலை வெளிச்சம் பட்டுத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஒரு நாள் 4.45, மறுநாள் 7.30, ஞாயிறு 9 மணி என்று எழுந்தால், ஊரை விட்டு நகராமலே விமானப் பயணக் களைப்பை வாங்கிக்கொள்கிறோம்.

எத்தனை மணி? 4.45 வேண்டாம். உங்கள் அட்டவணைப்படியே பார்த்தாலும் இரவு 10 முதல் 4.45 வரை 6 மணி 45 நிமிடம். அதில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டும். 1.30-க்குப் படுத்த நாளில் மூன்றேகால் மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. அப்பாவுக்கு முதல் மாத்திரை 6.30-க்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 6.15. பார்க்கின்சன் மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுத்தாக வேண்டும். தள்ளிப்போனால் உடம்பு விறைத்துக்கொள்ளும், நடை தடுமாறும். அதாவது நீங்கள் தேடிக்கொண்டிருக்கிற ஒழுங்கு உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மாத்திரை டப்பாவில்.

மாத்திரை கொடுத்ததும் 10 நிமிடம் வெளியே வாருங்கள். முடிந்தால் அப்பாவையும் நாற்காலியில் உட்கார வைத்து. வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தாலே அதிகம். மேகமூட்டமான காலையிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மூளையில் இருக்கும் கடிகாரத்துக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையும் இதே நேரம்தான். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் கூடுதல். இரவு மோசமாகப் போயிருந்தால் பகலில் 20 நிமிடம் கண்ணயருங்கள், மாலை மூன்றுக்குள். ஆனால் ஒரு எச்சரிக்கை. நீங்கள் கார் ஓட்டுகிறீர்கள். 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவரின் சுதாரிப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல மந்தமாகிவிடலாம். கண் சொருகும் நாளில் வேறு வழியில் ஆபீஸ் போங்கள். போகாமலும் இருக்கலாம்.

இரவு 1.30 வரை போன் பார்ப்பதை நான் தடைசெய்யப்போவதில்லை. தடுக்க யாரும் இல்லாதபோதும் படுக்கப்போவதைத் தள்ளிப்போடுவதற்கு 2014-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு பெயரே வைத்தார்கள். உங்கள் விஷயத்தில் காரணம் எளிது. அந்த நேரத்தில் மட்டும்தான் உங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த நேரத்தைப் பிடுங்கினால் இன்னும் மோசமாகும். அதை முன்னால் கொண்டுவர வேண்டும், அதற்குக் கடைசியில் வருகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பில், மெயில், பையன் நோட்டு எல்லாம். 2018-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 57 பேரில் பாதிப் பேரை நாளைய வேலைகளையும் மீதிப் பேரை முடித்த வேலைகளையும் எழுதச் சொன்னார்கள். நாளைய வேலைகளை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். 57 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் ஒரு தாள், ஒரு பேனா, நஷ்டம் ஒன்றுமில்லை.

மோசமான நாளுக்கும் ஒரு திட்டம்

எழும் நேரம் என்ற ஆணி பிடித்துக்கொண்ட பிறகு அதில் இரண்டை மட்டும் மாட்டுங்கள். காலை மாத்திரைக்குப் பிறகு வெளிச்சத்தில் 10 நிமிடம். இரவு 8 மணி மாத்திரைக்குப் பிறகு மகனோடு 10 நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. “உடற்பயிற்சி செய்ய வேண்டும்” என்று பொத்தாம்பொதுவாக நினைப்பதைவிட “இது முடிந்ததும் அது” என்று கோத்துவைத்த எண்ணம் நன்றாக வேலை செய்யும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார். என் அனுபவமும் அதுவே.

இரண்டுக்கும் ஒரு குட்டி வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு முடியாமல்போன நாளில் வெளிச்சம் என்பது வாசலில் நின்று இரண்டு நிமிடம். மகனோடு என்பது படுக்கையில் அவன் பக்கத்தில் சாய்ந்து “இன்னைக்கு என்னடா நடந்தது?” என்று கேட்பது. குட்டி வடிவத்தைச் செய்தாலும் செய்ததாகவே கணக்கு. நல்ல நாளை மட்டும் மனதில் வைத்துப் போடும் திட்டம் உங்கள் வீட்டில் நிற்காது, ஏனென்றால் உங்கள் வீட்டில் மோசமான நாள் வாரத்தில் இரண்டு முறை வரும். தியானம், வாசிப்பு, ஆன்லைன் கோர்ஸ் எல்லாம் இரண்டு மாதம் காத்திருக்கட்டும்.

பாரத்தைப் பிரிப்பது

இதுவரை சொன்னது பாதிதான். பாரம் அப்படியே இருந்தால் எந்த ஒழுங்கும் நிற்காது.

முதலில் இரவு. பார்க்கின்சன் நோயில் இரவில் அடிக்கடி சிறுநீர் போவது சகஜம். சகஜம் என்பதாலேயே பலரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா, மாத்திரை நேரத்தை மாற்றலாமா, மாலைக்குப் பிறகு தண்ணீரைக் குறைக்கலாமா என்று அவர் பார்ப்பார். நீங்களாகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். படுக்கைக்குப் பக்கத்திலேயே யூரின் பாட்டில் வைத்துப் பாருங்கள். அப்பா வெட்கப்படுவார். அரைத்தூக்கத்தில் நடந்து மறுபடி விழுவதைவிட அது மேல் என்று அவரிடம் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, மருத்துவர். அவர் சொன்னால் கேட்பார். மனைவி வீட்டில் இருக்கும் நாட்களில் ஒரு இரவு நீங்கள், ஒரு இரவு அவர். “அவளே நைட் டியூட்டி பார்த்துக் களைத்து வருகிறாள்” என்பது நியாயம்தான். ஆனால் வாரத்தில் இரண்டு இரவாவது முழுத் தூக்கம் கிடைத்தால் உங்கள் நிலை வேறு. அதை அவரிடம் கேட்டதே இல்லை என்று உங்கள் கடிதத்தில் தெரிகிறது.

அப்புறம் தங்கை. அவர்மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் வரிக்கு வரி தெரிகிறது. அவருக்கு அது தெரியுமா என்பது சந்தேகம். ஞாயிறுதோறும் “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சமாளிச்சுக்கிறோம்மா” என்றுதான் சொல்வதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சமாளித்துக்கொள்பவரிடம் யோசனைதான் வரும், உதவி வராது. “நீயும் கொஞ்சம் பார்த்துக்கோ” என்றும் கேட்காதீர்கள். அதற்கு யாராலும் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஒன்று, நேரில் வந்தால்தான் முடிவது: மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வந்து இருப்பது. இன்னொன்று, தூரத்திலிருந்தே முடிவது: மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குவது, காப்பீட்டுக் காகிதங்கள், மாத்திரை ஆர்டர் போடுவது, இரவுக்கு ஓர் உதவியாளர் வைத்தால் செலவில் பாதி. “இதில் உன்னால் எது முடியும், எதிலிருந்து தொடங்கலாம்?” என்று கேளுங்கள். சண்டை வரலாம். வந்தாலும் பரவாயில்லை, எட்டு மாத மௌனத்தைவிட அது ஆரோக்கியமானது.

வேலையை விடலாமா?

இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தூக்கமில்லாத, நம்பிக்கை வற்றிய மனம் எடுக்கும் பெரிய முடிவுகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேலையை விட்டால் பாரம் குறையும் என்று நினைக்கிறீர்கள். நடைமுறையில், வேலை போனதும் பகல் உதவியாளரின் சம்பளம் கண்ணை உறுத்தும், அவரை நிறுத்துவீர்கள், 24 மணி நேரமும் நீங்களே பார்த்துக்கொள்பவர் ஆவீர்கள். நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு இருந்தால் அதுவும் போகும். 42 வயதில் ஒரு இடைவெளிக்குப் பிறகு திரும்ப நுழைவதும் எளிதல்ல.

ஒரு மாத லீவு? எதற்கு என்று தெரியாமல் எடுத்தால், 31-ஆம் நாள் அதே வீட்டிலிருந்து அதே ஆபீசுக்குப் போவீர்கள். ஒரு வாரம் எடுங்கள். முதல் மூன்று நாள் தூக்கம். மீதி நாட்களில் உங்கள் மருத்துவர், அப்பாவின் மருத்துவர், தங்கையோடு அந்தப் பேச்சு. இவை மூன்றும் நடந்தால் லீவு வீணாகவில்லை. மருத்துவரே கூடுதல் ஓய்வு தேவை என்று எழுதிக்கொடுத்தால், அதை மருத்துவ விடுப்பாகக் கேளுங்கள். உங்கள் சொந்த விடுப்பைக் கரைக்க வேண்டாம்.

குடும்பத்தினரைக் கவனிக்க விடுப்பு, குறைந்த நேர வேலை, நெகிழ்வான நேரம் இவை பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே முதலில் உங்கள் பணி ஒப்பந்தத்தையும் நிறுவன விதிகளையும் எடுத்துப் படியுங்கள். கணக்குப் பிரிவு ஆள் நீங்கள், சிறிய எழுத்துகளுக்குப் பயப்படமாட்டீர்கள். குடும்பப் பொறுப்பை மட்டுமே காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டின் 156-ஆம் ஒப்பந்தம் சொல்கிறது. அதை ஏற்று ஒப்புதல் தந்த நாடுகளை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும். உங்கள் நாடு அதில் உண்டா என்பதை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், காலவரையறையோடு கேளுங்கள். “மூன்று மாதத்துக்கு, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை” என்பதற்குச் சம்மதிப்பது மேலதிகாரிக்குச் சுலபம். “எனக்குக் கஷ்டமாக இருக்கிறது” என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? 6 பேரின் வேலைப் பட்டியலை அவர் முன் வைத்து, “4 பேர் இருக்கிறோம், இதில் எதை நிறுத்தலாம்?” என்று கேளுங்கள். உங்கள் குடும்பக் கதையில் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். மனநிலை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. சில இடங்களில் அது பின்னால் எதிராகத் திரும்பும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் இதையெல்லாம் செய்தும் ஒன்றும் நகரவில்லை என்றால் எழுதுங்கள். அப்போது வேலையை விடுவது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஓடிப்போவதும் விலகுவதும் ஒன்றில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அந்த 20 நிமிடம்

காருக்குள் உட்கார்ந்திருப்பதைச் சோம்பேறித்தனமா என்று கேட்டிருந்தீர்கள். எத்தனை மாதமாக என்று பார்த்தேன்; அப்பா வந்த இரண்டாவது வாரத்திலிருந்து. நான்கு முறை அட்டவணை உடைந்திருக்கிறது, இது ஒருமுறைகூட உடையவில்லை. இதை யாரும் உங்களுக்கு விதிக்கவில்லை, நிறம் பூசவில்லை, 21 நாள் எண்ணவில்லை. ஆபீஸ் மனிதர் இறங்கி, வீட்டு மனிதர் ஏறுவதற்கு நடுவில் உங்களுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, நீங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டீர்கள். உதவியாளர் 7 மணி வரை இருப்பதால் யாருக்கும் நஷ்டமும் இல்லை.

அதனால் அதை விட்டுவிடாதீர்கள். ஒளித்து வைப்பதை மட்டும் விடுங்கள். இரவில் திருடிக்கொள்ளும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே கொண்டுவாருங்கள். 20 நிமிடத்தை 25 ஆக்கினாலும் சரி. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பாட்டுப் போட வேண்டும் என்று ஒரு நாள் தோன்றினால் போடுங்கள், தோன்றாவிட்டால் வேண்டாம். இன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் உள்ளே கேட்காமலா இருந்திருக்கும்?